புள்ளியைக் காக்கும் பாலம்

தபால்தலைத் தாளைப் பலரும் கையிலெடுத்துப் பார்த்திருப்பீர்கள். 1840இல் இங்கிலாந்தில் வெளிவந்த முதல் தபால்தலைகளைக் கத்தரியால் வெட்டியே பிரித்தனர். 1854இல் அங்கே துளையிட்ட தாள்கள் வழக்கத்திற்கு வந்தன. துளைகளுக்கிடையே எஞ்சி நிற்கும் சிறு இணைப்புகளே, நாம் கிழிக்கும் வரை தலைகளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. மரப்பலகையை வெட்டும் சி.என்.சி. ரூட்டரிலும் இதே முறை உண்டு. அதன் அருமையை நான் ஒரு புள்ளியை இழந்தே கற்றேன்.

2025ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவிற்காகத் 'தமிழ் மன்றம்' என்னும் பெயரை ஓரடி உயர எழுத்துகளாக வெட்டிக்கொள்ள, பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறைக்குச் சென்றோம். பலகை 12 மி.மீ. பிளைவுட், வெட்டும் முனை 6 மி.மீ. விட்டமுடையது. அது நிமிடத்திற்கு 18,000 சுற்று, அதாவது வினாடிக்கு 300 சுற்று சுழன்றது. சுழலும் முனை மரத்தைப் பக்கவாட்டில் தள்ளும்; சிலவகை முனைகள் மேல்நோக்கியும் இழுக்கும். பலகையின் ஓரங்கள் மேசையோடு இறுக்கப்பட்டிருப்பதால் அது அசைவதில்லை. ஆனால் வெட்டு முழுச்சுற்று முடிந்ததும், உள்ளே நிற்கும் துண்டிற்குப் பிடிமானம் ஏது? அது சாய்ந்து முனையில் சிக்கும். துண்டு சிதையும், முனை ஒடியும், அல்லது துண்டு தெறித்துப் பறக்கும்.

எழுத்துகளுக்கெல்லாம் பிடிப்பு அமைத்த நான், நான்கு செ.மீ. வட்டங்களான மூன்று புள்ளிகளுக்கு எதற்கென்று விட்டுவிட்டேன். ழகரத்தின் புள்ளி நண்பர் ஒருவரின் காதோரம் பறந்து சுவரில் மோதியது!

இப்பிடிப்பைப் பட்டறையில் 'டேப்' என்பர்; நாம் பாலம் எனலாம். கடைசிச் சுற்றில், குறித்த இடங்களில் மட்டும் முனை 3 மி.மீ. மேலெழுந்து கடக்கும், அங்கே அடிமரம் வெட்டுப்படாமல் நின்று, துண்டைப் பலகையோடு பிணைக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். முனை வட்டமாதலால் பாலத்தை இருபுறமும் 3 மி.மீ. அரித்துவிடும். 8 மி.மீ. தூரம் மேலெழச் செய்தால், பாலத்தின் இடுப்பில் எஞ்சுவது 2 மி.மீ. மட்டுமே. சில மென்பொருள்கள் இக்குறையைத் தாமே ஈடுசெய்யும், சில செய்யா.

பாலங்களை மூலைகளில் வையாமல், உளி எளிதில் எட்டும் நேரான பகுதிகளில் எதிரெதிராக வைத்தல் நன்று. வட்டமாயின் சம இடைவெளியில் மூன்று போதும். வெட்டி முடிந்து முனை முற்றிலும் நின்றபின், உளியாலோ சிறு ரம்பத்தாலோ பாலங்களை அறுத்து, உப்புத்தாளால் தேய்க்கலாம். கையால் முறுக்கிப் பிடுங்கினால் பிளைவுட்டின் அடித்தகடு உரிந்துவிடும்.

காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் மேசை போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வளிமண்டல அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை. நம் புள்ளியின் பரப்போ 12.5 சதுர செ.மீ. முழு வெற்றிடமே கிடைத்தாலும் அதன்மேல் 13 கிலோவிற்கு மேல் அழுத்தம் விழாது. வெட்டிய சந்து வழியே காற்று நுழைந்தால் அதுவும் குறையும். துண்டு சிறுத்தால் பிடியும் சிறுக்கும். ஆகவே, சிறிய துண்டிற்கே பாலம் முதலில் வேண்டும்.

மறுமுறை புள்ளிகளுக்கு மும்மூன்று பாலங்கள் வைத்தோம்; கண்ணாடியும் அணிந்து, எட்டி நின்றோம். மூன்றும் இருந்த இடத்திலேயே நின்றன. விழா மேடையில் பெயர்ப்பலகை பிழையின்றி நின்றது. அன்று அந்தப் புள்ளி நான்கு விரற்கடை தள்ளிப் பறந்திருந்தால், நண்பர் அதைக் காண வந்திருப்பாரோ என்னவோ!