சுவரொட்டியில் முதல் வரி யாருக்கு?

புதுதில்லி: ஹெவி மெட்டல் இசைவிழா ஒன்றின் சுவரொட்டி வெளியானதும், அதில் உள்ள குழுக்களின் பாடல்களைக் கேட்பதற்கு முன்பாக ரசிகர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. எழுத்துகளின் அளவை அவர்கள் பார்ப்பார்கள். முதல் வரியில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு பெயர் இருக்கும். அடுத்த வரியில் இரண்டு மூன்று பெயர்கள். கீழே இறங்க இறங்க எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். கடைசி வரியில் முள்வேலி போலப் பின்னிக் கிடக்கும் எழுத்துகளில் உள்ளூர்க் குழுக்களின் பெயர்கள். அவற்றைப் படிக்கவே தனிப் பயிற்சி வேண்டும்.

அதன்பின் தொடங்கும் விவாதம் வாரக்கணக்கில் நீளும். இவருக்கு ஏன் இரண்டாம் வரி, அவர் ஏன் விடுபட்டார், சென்ற ஆண்டு வந்தவரையே ஏன் மறுபடியும் அழைக்க வேண்டும், இருவருக்கும் ஒரே நேரத்தில் இரு மேடைகள் என்றால் எதைப் பார்ப்பது? தேர்தல் காலத்தில் தில்லிக் கட்சி அலுவலகங்களில் வேட்பாளர் பட்டியல் வெளியாகும் இரவைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதாக இராது. இங்கும் பெயர்களின் வரிசை தற்செயலாக அமைவதில்லை. எந்தப் பெயர் எந்த இடத்தில், எந்த அளவில் வர வேண்டும் என்பது பெரிய குழுக்களின் ஒப்பந்தத்திலேயே எழுதப்படுகிறது.

தலைநகரின் ரசிகர்களுக்கு இந்த விவாதத்தில் கூடுதலாக ஒரு வருத்தமும் உண்டு. பெரிய பெயர்கள் கொண்ட மெட்டல் சுவரொட்டிகளில் ஊர்ப் பெயராகத் தில்லி வருவது அரிது. பெங்களூரு இருக்கும்; சில சமயம் மும்பை இருக்கும். 2025 ஜனவரி 28 அன்று புவனேஸ்வரத்தில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, மும்பையிலும் ஆமதாபாதிலும் நடந்த கோல்ட்பிளே நிகழ்ச்சிகளைக் குறிப்பிட்டு, இசை நிகழ்ச்சிகளை ஒட்டிய பொருளாதாரத்துக்கு இந்தியாவில் பெரும் வாய்ப்பு இருக்கிறது என்றார். அந்த வாய்ப்பு எந்த இசைக்கு, எந்த ஊருக்கு என்பது தில்லி மெட்டல் ரசிகர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கேட்டுவரும் கேள்வி.

அலகாபாதில் பிறந்த விழா: தலைநகர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. அலகாபாதிலிருந்து 1993-இல் அமித் சைகல் தொடங்கிய "ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்" என்ற இதழ், 1997-இல் "கிரேட் இந்தியன் ராக்" என்ற விழாவைத் தொடங்கியது. அயல்நாட்டுப் பாடல்களை அப்படியே நகலெடுத்து வாசிப்பதே கல்லூரி மேடைகளின் வழக்கமாக இருந்த காலம் அது. சொந்தமாகப் பாடல் எழுதும் இந்தியக் குழுக்களுக்கு இடம் தருவது என்ற கொள்கையை அவ்விழா எடுத்துக்கொண்டது. ஷில்லாங், கொல்கத்தா, பெங்களூரு, மும்பை என எங்கெங்கிருந்தோ குழுக்கள் தில்லி வந்தன. பின்னாளில் நார்வேயின் மெட்டல் குழுக்களும் அதே மேடையில் ஏறின. 2012 ஜனவரியில் கோவா கடலில் சைகல் உயிரிழந்தார். அதற்குப் பிறகு அந்த விழா பழைய இடத்தைப் பெறவில்லை.

விழாவின் பலம் அதன் பட்டியலில் இருந்தது. அறிமுகமான பெயருக்காக வந்தவர், அறிமுகமில்லாத நால்வரைக் கேட்டுவிட்டுப் போவார். சிறந்த பட்டியலுக்கு ரசிகர்கள் இன்றும் சொல்லும் இலக்கணம் ஏறக்குறைய இதுதான்.

மூன்று முறை வந்தும்: 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் பிரிட்டனின் அயர்ன் மெய்டன் குழு இசைத்தது. இந்திய மெட்டல் ரசிகர்கள் காலத்தையே அந்நாளுக்கு முன், அந்நாளுக்குப் பின் எனப் பிரிப்பது வழக்கம். அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று அதே குழு தனது உலகப் பயணத்தை மும்பையிலிருந்து தொடங்கியது. பாடகர் புரூஸ் டிக்கின்சனே விமானி. குழுவினரோடு சுமார் 12 டன் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு போயிங் 757 விமானம் லண்டனிலிருந்து மும்பை வந்தது. 2009 பிப்ரவரியில் மீண்டும் பெங்களூரு. மூன்று முறை வந்தும் தில்லிக்கு வரவில்லை. 2008-இல் மெகாடெத், மெஷின் ஹெட், 2010-இல் லேம்ப் ஆஃப் காட், 2012-இல் ஸ்லேயர். எல்லாம் பெங்களூருவுக்கே போயின. சென்னைக்குக்கூட ஒரு பெருமை உண்டு. ஸ்வீடனின் ஓபெத் குழு இந்தியாவில் இசைத்தது 2009-இல் சென்னை ஐஐடி-யின் சாரங் விழாவில்.

இதற்குக் காரணம் ரசனை மட்டும் அல்ல. ஜப்பானுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ துபாய்க்கோ போகும் குழுவின் பயணத் திட்டத்தில் கிடைக்கும் ஓரிரு நாள்களே இந்தியாவுக்கு. அந்த ஓர் இரவுக்காகக் கருவிகளை விமானத்தில் ஏற்றி, தாற்காலிக இறக்குமதிக்கான சுங்க ஆவணங்களைப் பெற்று, மறுநாளே வெளியே அனுப்பியாக வேண்டும். பெரும் தொகை கொடுத்து அழைக்கும் ஏற்பாட்டாளர், குறிப்பிட்ட காலத்துக்குள் அக்குழு அருகில் வேறெங்கும் இசைக்கக் கூடாது என்று நிபந்தனை விதிப்பதும் உண்டு. ஆக, ஒரே ஓர் ஊர்தான். எந்த ஊரில் மைதானமும் அனுமதியும் உறுதியோ அங்கே போவார்கள்.

குர்கான் இரவு: அந்த உறுதி தில்லிப் பகுதியில் எப்போது உடைந்தது என்று கேட்டால், அநேகமாக எல்லா ரசிகர்களும் ஒரே தேதியைத்தான் சொல்கிறார்கள். 2011 அக்டோபர் 28. இந்தியாவின் முதல் ஃபார்முலா-1 பந்தயம் நடந்த வாரம் அது. அதையொட்டி குர்கானில், இன்றைய குருகிராமில், மெட்டாலிகா குழுவின் முதல் இந்திய நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. மேடையின் முன்னிருந்த தடுப்பு சரிந்தது. நிகழ்ச்சி மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பல மணி நேரம் காத்திருந்த கூட்டம் மேடையில் ஏறியது. கருவிகளும் பதாகைகளும் நொறுங்கின. நிகழ்ச்சி முற்றாகக் கைவிடப்பட்டது. ஏற்பாட்டாளர் தரப்பில் நால்வர் கைது செய்யப்பட்டனர். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று, பெங்களூருவில் அதே மெட்டாலிகா தடையின்றி இசைத்தது.

வட இந்தியக் கூட்டம் கட்டுக்கடங்காதது, தென்னிந்தியக் கூட்டம் ஒழுங்கானது என்று அப்போது எளிதாகச் சொல்லப்பட்டது. அப்படிச் சொன்னவர்கள் தடுப்பு ஏன் சரிந்தது என்று கேட்கவில்லை. கூட்டத்தின் குணத்தைப் பற்றிப் பேசுவது, நுழைவாயில் எத்தனை, குடிநீர் எங்கே, தடுப்பின் தாங்குதிறன் என்ன என்ற கேள்விகளைத் தவிர்ப்பதற்கு வசதியான வழி. ஆயினும் பழி தில்லி ரசிகர்மேல் ஒட்டிக்கொண்டது. தலைநகர்ப் பகுதியில் மெட்டல் நிகழ்ச்சி என்றாலே அனுமதி அளிப்போர் இரு முறை யோசித்தனர்.

பத்து மணிக்குப் பின்: அனுமதியின் கதை தில்லியோடு முடிவதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. 1986 முதல் மும்பையில் நடந்த "இண்டிபெண்டன்ஸ் ராக்" விழாவின் இல்லமாக இருந்த ரங் பவன் அரங்கம் இவ்விதிகளால்தான் இசைக்கு மூடப்பட்டது. விழா ஊருக்குள் இடம் மாறி அலைந்தது. இடையில் நின்றேபோய், 2022 நவம்பரில் மீண்டும் நடந்தது.

விதி நல்ல விதிதான். உறங்கும் நோயாளிக்கு டிரம்ஸ் ஓசை இசையாக இருக்க முடியாது. ஆனால், அதே விதிகளில் ஒரு விலக்கும் உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள்கள் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு அனுமதி தரலாம். உச்ச நீதிமன்றமும் 2005-இல் இதை ஏற்றது. விலக்கு பெறும் விழாக்கள் எவை என்பதைத் தீர்மானிப்பது அரசு. பண்பாடு என்ற சொல்லின் எல்லைக்குள் கிதார் வருமா என்ற கேள்வி இங்கேதான் அரசியலாகிறது.

பணம் யாருடையது: நுழைவுச்சீட்டு விற்பனையால் மட்டும் திறந்தவெளி விழா நடத்த இயலாது. விளம்பரதாரர் தேவை. 2000-ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் மது விளம்பரம் தடை செய்யப்பட்ட பின், மது நிறுவனங்கள் தம் பெயரைச் சோடா, இசைத்தட்டு, இசைவிழா ஆகியவற்றின்மேல் ஒட்டத் தொடங்கின. 2010-இல் புணேயில் தொடங்கிய என்எச்7 வீக்கெண்டர் விழாகூடப் பல ஆண்டுகள் ஒரு மது நிறுவனத்தின் பெயரைச் சுமந்தது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய மறைமுக விளம்பரங்களைத் தடை செய்து நெறிமுறை வெளியிட்டது. விளம்பரதாரரைப் பொறுத்தே பட்டியலும் அமையும். பலதரப்பு ரசனைக்கு இடம் தரும் விழாவில் மெட்டல் ஒரு மூலை மேடை மட்டுமே. மெட்டலுக்கென்றே தனி விழா வேண்டும் என்போருக்கு 2012 ஜூனில் தொடங்கிய "பெங்களூரு ஓப்பன் ஏர்" ஆறுதல். அதன் முதல் ஆண்டுச் சுவரொட்டியில் ஜெர்மனியின் கிரியேட்டர் முதல் வரியில் இருந்தது.

கடைசி வரியில் இருப்போர்: சுவரொட்டியின் அடிவரிக்கு வருவோம். நண்பகல் வெயிலில், பாதிக் கூட்டம்கூட வந்து சேராத வேளையில், அரை மணி நேரம். ஒலிச்சோதனைக்கு நேரமில்லை. இந்தியக் குழுக்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். ரசிகர் விவாதத்தில் மிகக் காரமான பகுதியும் இதுவே. அயல்நாட்டுப் பெயர் இல்லாமல் சீட்டு விற்காது என்பது ஒரு கட்சி. அடிவரியிலேயே வைத்திருந்தால் எப்போது விற்கும் என்பது மறுகட்சி.

மறுகட்சியிடம் வலுவான சான்றுகள் இருக்கின்றன. 2007-இல் அயர்ன் மெய்டனுக்கு முன்பாகப் பெங்களூருவில் இசைத்த தில்லியின் பரிக்ரமா குழு, அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவில் மேடையேறியது. மும்பையின் டிமோனிக் ரெசரெக்ஷன் 2010-இல் நார்வேயின் இன்ஃபெர்னோ விழாவுக்குச் சென்றது. ஜெர்மனியில் சுமார் 2,000 பேர் வாழும் வாக்கன் என்ற கிராமத்தில் 1990 முதல் ஆண்டுதோறும் நடக்கும் விழாதான் மெட்டல் உலகின் கும்பமேளா. பெங்களூருவின் கிரிப்டாஸ் 2013-இல் அங்கே இசைத்தது. 2019-இல் அதே மேடையில் தில்லியின் பிளட்டிவுட். பாலிவுட் பாடல்களைக் கேலி செய்து தொடங்கிய இக்குழு, பின்னர் டோலையும் புல்லாங்குழலையும் மெட்டலோடு சேர்த்து இந்தி, பஞ்சாபி, ஆங்கிலத்தில் சொந்தப் பாடல்களுக்கு வந்தது. 2022-இல் வெளியான "ரக்ஷக்" தொகுப்பில் உள்ள "கத்தார்", மதத்தை ஆயுதமாக்கும் அரசியலைச் சாடுவது. தில்லியில் பிறந்த குழுவைக் காண ஐரோப்பாவில் கூட்டம் முண்டியடித்தது. அப்போதும் தலைநகரில் பெரிய மெட்டல் விழா ஒன்று இல்லை.

அரசே புரவலராக: வடகிழக்கில் கதை வேறு. நாகாலாந்தில் 2000 முதல் டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும் ஹார்ன்பில் விழாவில் பழங்குடி நடனங்களோடு ராக் போட்டியும் சேர்ந்துகொண்டது. நடத்துவது மாநில அரசு. மேகாலயத்தில் முதல்வர் பெயரிலான அடித்தள இசைத் திட்டம் உள்ளூர்க் கலைஞர்களுக்கு மேடையும் ஊதியமும் தருகிறது. அம்மாநில முதல்வர் கான்ராட் சங்மா, 2021-இல் சட்டப்பேரவைக் கூட்டத் தொடர் முடிந்த களைப்பைப் போக்க, கிதாரில் அயர்ன் மெய்டன் பாடல் வாசித்த காட்சி நாடெங்கும் பரவியது. முனீர்காவிலும் ஹுமாயூன்பூரிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வடகிழக்கு மாணவர்கள், தில்லி மெட்டல் நிகழ்ச்சிகளின் நிலையான பார்வையாளர்கள். தெருவில் அந்நியராகப் பார்க்கப்படுவோர், அந்த அரங்கினுள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் மேற்கத்திய மோகம் என்ற வழக்கமான குற்றச்சாட்டு இவர்களிடம் பொருந்தாது. மெட்டல் பிறந்ததே பர்மிங்ஹாமின் தொழிலாளர் குடியிருப்புகளில். பிளாக் சாபத்தின் டோனி ஐயோமி விரல்நுனிகளை இழந்தது உலோகத் தகட்டு ஆலையில்.

2025 ஜூலை 5 அன்று அதே பர்மிங்ஹாமில் பிளாக் சாபத் விடைபெற்றது. 17 நாள்களில் அதன் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மறைந்தார். முதல் வரிக்குரிய தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. அடுத்து யாரை அங்கே வைப்பது என்பதுதான் இப்போது உலகெங்கும் விழாப் பட்டியல்களைப் பற்றிய பெரிய விவாதம். தில்லியிலும் அதே விவாதம்தான். ஆனால் இங்கே அதோடு ஒரு ரயில் கணக்கும் சேர்கிறது. விழாக்களின் மலிவு விலைச் சீட்டுகள், யார் வருகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. ரயில் முன்பதிவுக் காலமோ 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பட்டியல் வெளியானதும் விடுப்புக்கு விண்ணப்பித்து, இரவு முழுவதும் வாதாடிவிட்டு, காலை 8 மணிக்கு பெங்களூரு செல்லும் கர்நாடகா எக்ஸ்பிரஸில் படுக்கை தேடுகிறார்கள். ஒன்றரை நாள் பயணம் அது.