மெலிந்த கடல்மீனைத் தேற்றும் முறை

பேராதனை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 470 மீற்றர் உயரத்தில் உள்ளது. கொழும்பிலிருந்து வீதிவழியே நூறு கிலோமீற்றருக்கு மேல் உள்நாட்டில் அமைந்துள்ளது. எனினும், கண்ணாடித் தொட்டியில் உவர்நீர் நிரப்பிக் கடல்மீன் வளர்ப்போர் இப்பகுதியிலும் உளர். அவர்கள் அடிக்கடி காணும் இடர் ஒன்று உண்டு. வாங்கிவந்த மீன் சில நாட்களில் மெலிகின்றது, உணவைக் கண்டும் வாய் திறவாது ஒதுங்குகின்றது, ஈற்றில் இறந்துபோகின்றது. தக்க காலத்திற் கவனித்தால் இத்தகைய மீன்களிற் பலவற்றைத் தேற்றல் இயலும். அதற்குரிய முறை இங்கே விளக்கப்படுகின்றது.

மீன் மெலிவதேன்?

நன்னீர் அலங்கார மீன்களிற் பெரும்பாலானவை குளங்களிலும் தொட்டிகளிலும் இனப்பெருக்கம் செய்விக்கப்பட்டவை. கடல்மீன்களோ பெரும்பாலும் முருகைக்கற் பாறைகளிலிருந்து நேரே பிடிக்கப்படுபவை. கோமாளி மீன் போன்ற சில இனங்களே தொட்டிகளிற் பெருக்கப்படுகின்றன.

பிடிக்கப்பட்ட மீன் கரையிலும் கொழும்பிலும் தொட்டிகளில் தங்கவைக்கப்படும். பின்னர், பொலித்தீன் பையினுள் ஓட்சிசன் நிரப்பி அனுப்பப்படும். பயணத்தின்போது பையிலுள்ள நீர் கழிவினால் நஞ்சாகாதிருக்கும் பொருட்டு, முன்கூட்டியே உணவு நிறுத்தப்படுவது வழக்கம். ஒவ்வோர் இடமாற்றமும் ஒரு பட்டினியாகும். ஆகவே மீன் நமது இல்லம் சேரும்போதே இளைத்திருத்தல் வியப்பன்று.

இதன்மேல் வேறு காரணங்களும் சேரலாம். அவையாவன: தொட்டியில் இடும் உணவை மீன் உணவென அறியாமை, வலிய மீன்கள் துரத்துதல், குடலில் ஒட்டுண்ணிகள் இருத்தல், நீரின் உப்பு, வெப்பம், தூய்மை ஆகியவை பொருந்தாமை. காரணத்தை நீக்காது உணவை மட்டும் கூட்டினாற் பயனில்லை. உண்ணப்படாத உணவு அழுகி நீரைக் கெடுக்கும். மெலிந்த மீன் அந்நீரினாலேயே மடியும்.

மெலிவை அறிதல்

வயிற்றைப் பார்த்து மட்டும் முடிவு செய்தல் தவறாகும். ஒரு வேளை உண்டாலும் வயிறு புடைக்கும், மறுநாள் ஒட்டிவிடும். தலைக்குப் பின்னாலுள்ள முதுகுத் தசையையே பார்க்க வேண்டும். மீனை முன்புறமிருந்து நோக்குக. நலமுள்ள மீனின் முதுகு உருண்டு காணப்படும். பட்டினியுற்ற மீனின் முதுகு கத்தி முனைபோற் கூர்ந்து, தலை உடலினும் பெரிதாகத் தோன்றும். முதுகுத் தசை கரைவதற்கு நாட்கள் பல செல்லும். திரும்ப வளர்வதற்கும் வாரங்கள் பல செல்லும். மீனை வலையில் எடுத்து நிறுத்துப் பார்த்தல் அதனை மேலும் நலிவிக்கும். வாரம் ஒருமுறை கைத்தொலைபேசியாற் படம் எடுத்து ஒப்பிடுதல் போதுமானது.

நன்றாக உண்டும் மெலிகின்ற மீனுக்கும், வெண்ணிற நூல்போல் மலம் கழிக்கும் மீனுக்கும் குடலில் ஒட்டுண்ணி இருத்தல் கூடும். குடற்புழுக்களுக்குப் பிறாசிகுவாண்டெல் என்பதும், கசையுயிர்களுக்கு மெற்றோனிடசோல் என்பதும் உணவிற் கலந்து கொடுக்கப்படும் மருந்துகளாகும். நோயையும் மருந்தின் அளவையும் மிருக வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் அமைந்திருப்பது இப்பகுதியினருக்கு வாய்ப்பாகும். உள்ளிச் சாற்றில் உணவை நனைத்துக் கொடுப்போர் உளர். அதனை மருந்துக்கு ஈடாகக் கொள்ளற்க.

தனித் தொட்டி

மெலிந்த மீனை ஏனையவற்றிலிருந்து பிரித்து, 40 முதல் 60 லீற்றர் கொள்ளும் தொட்டியில் விடுக. மணல் இடவேண்டாம், எஞ்சிய உணவு வெறும் தரையில் தெளிவாகத் தெரியும். ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பீவீசீ குழாய் இடுக. மூன்று பக்கங்களைக் காகிதத்தால் மறைத்து, ஒளியையும் குறைத்தால் மீனின் அச்சம் தணியும்.

வடிகட்டியாகக் காற்றினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி உகந்தது. அப்பஞ்சினைச் சில வாரங்களுக்கு முன்பே பெரிய தொட்டியில் இட்டு வைத்திருத்தல் வேண்டும். அப்போதுதான் அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் அதில் குடியேறியிருக்கும். அமோனியாவையும் நைத்திரைற்றையும் நாள்தோறும் சோதித்தல் நன்று. இரண்டும் பூச்சியமாக இருத்தல் வேண்டும். காணப்படின், நீரின் ஒரு பகுதியை உடனே மாற்றுக.

கண்டிப் பகுதியினர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. மார்கழி, தை மாதங்களில் இங்கு இரவு வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதுண்டு. வெப்பக் கடலில் வாழ்ந்த மீன் அக்குளிரிற் பசியை இழக்கும், உண்டதும் செரிக்காது. ஆகவே வெப்பமாக்கி இட்டு, நீரை 25 முதல் 27 பாகையில் வைத்தல் அவசியம்.

உவர்நீர் தயாரிக்கக் கறியுப்பு உதவாது. கடல்நீரிலுள்ள ஏனைய உப்புக்கள் அதில் இல்லை. கடல்மீன் தொட்டிக்கென விற்கப்படும் உப்பினையே, குளோரீன் நீக்கிய குழாய் நீரில் முதல்நாளே கரைத்து வைக்க வேண்டும். தன்னீர்ப்பு 1.023 முதல் 1.025 வரை இருத்தல் தகும். தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்குகின்றது. ஆதலால் குறைந்த நீருக்கு உப்பிடாத நன்னீரையே சேர்க்க வேண்டும்.

முதல் உணவு

பஞ்சகாலத்தில் மெலிந்த மாட்டுக்கு ஒரே நாளில் வயிறு நிறையப் புண்ணாக்கு வைப்பார் எவருமிலர். மீனுக்கும் அதுவே நியதி. சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுத்தலே நெறி.

உணவை மறந்த மீனுக்கு அசையும் உணவே ஆசையூட்டும். இதற்கு ஆர்ட்டீமியா எனப்படும் உப்பளக் கூனி சிறந்தது. இதன் முட்டைகள் கடைகளிற் கிடைக்கும். ஒரு லீற்றர் நீரில் 25 முதல் 30 கிராம் உப்புக் கரைத்து, அரைத் தேக்கரண்டி முட்டை இட்டு, ஒளிபடும்படி வைத்துக் காற்றுச் செலுத்துக. நீர் 26 முதல் 28 பாகை வெப்பத்தில் இருப்பின் 24 முதல் 36 மணி நேரத்திற் குஞ்சு பொரிக்கும். பின்னர்க் காற்றை நிறுத்தினால் கோதுகள் மேலே மிதக்கும். குஞ்சுகள் ஒளியை நாடித் திரளும். அவற்றைக் குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நீரிற் கழுவி உடனே கொடுக்க வேண்டும். பொரித்த சில மணி நேரத்திலேயே கருவூண் கரைந்து சத்துக் குறையும். குஞ்சு சிறிதெனக் கருதும் மீனுக்கு உயிருள்ள வளர்ந்த கூனியைக் கொடுக்கலாம். ஆனால் அதில் சத்துக் குறைவாதலால் அதனையே நம்பியிருத்தல் கூடாது.

கொத்தி உண்ணும் வண்ணாத்திப்பூச்சி மீனுக்கு மட்டியைத் திறந்து, ஓட்டுடன் வைப்பது பயன்தரும். வாலடியில் கூரிய முள்ளுடைய சேர்ஜன் மீன் பாசி மேய்வது. அதற்கு எண்ணெயும் சுவையூட்டியும் சேராத உலர்ந்த கடற்பாசித் தாளை ஒரு கல்லிற் கட்டி, நாள் முழுவதும் மேயும்படி வைக்க வேண்டும்.

படிப்படியாக உணவு கூட்டல்

முதல் மூன்று நாட்கள்: நாளொன்றுக்கு 4 முதல் 6 தடவைகள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடங்களில் உண்ணக்கூடிய அளவே இடுக. எஞ்சியதைப் பத்து நிமிடத்தில் உறிஞ்சி அகற்றுக.

நான்காம் நாள் முதல்: உயிருணவுடன், உறையவைத்த மைசிஸ் இறாலையோ நறுக்கிய புதிய இறால் தசையையோ காற்பங்கு கலக்குக. துண்டுகள் மீனின் கண்ணினும் பெரியனவாக இருத்தல் ஆகாது. மீன் ஏற்குமாயின் பாதியாகவும், பின் முக்காற் பங்காகவும் கூட்டுக.

இரண்டாம் வாரம் முதல்: நாளொன்றுக்கு 3 அல்லது 4 தடவைகள். மீன் முட்டை, மட்டி, இறால், தரமான உலருணவு என மாற்றி மாற்றிக் கொடுக்க. மட்டியும் சிலவகை மீன்களும் பச்சையாக நாள்தோறும் கொடுக்கப்படின், அவற்றிலுள்ள நொதியம் உயிர்ச்சத்து பி1 ஐ அழிக்கும். மாட்டிறைச்சி, கோழி ஈரல் ஆகியவற்றின் கொழுப்பு கடல்மீனுக்கு ஒவ்வாது.

முதுகு உருண்டு, உலருணவையும் தயக்கமின்றி உண்ணும் வரை மீனைப் பெரிய தொட்டிக்கு மாற்றவேண்டாம். இதற்கு ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் செல்லும். மாற்றிய பின்னரும் ஏனைய மீன்கள் அதனை உண்ணவிடுகின்றனவா எனச் சில நாட்கள் கவனித்தல் வேண்டும். எக்காரணத்தாலும் தொட்டி மீனைக் கடலில் விடுதல் ஆகாது. தொட்டியில் தொற்றிய நோயும் அதனுடன் செல்லும்.

வாங்குமுன் கவனிக்க

தேற்றுவதினும் மெலியாத மீனை வாங்குவதே எளிது. கடையில் மீன் உண்பதைக் கண்ணாற் கண்ட பின்னரே வாங்குக. எல்லா மீனையும் தேற்ற இயலாது என்பதையும் அறிதல் வேண்டும். வண்ணாத்திப்பூச்சி மீன்களிற் சில இனங்கள் உயிருள்ள முருகையையன்றி வேறெதனையும் உண்ணமாட்டா. பிறமீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கியுண்ணும் துப்புரவு மீனும் சிறு தொட்டியிற் பெரும்பாலும் பட்டினியாலேயே இறக்கின்றது. இவற்றை எவ்வளவு அழகாயினும் வாங்காது விடுதலே முறை.

1998 ஆம் ஆண்டில் கடல்நீர் மிகச் சூடேறியபோது இலங்கையின் ஆழங்குறைந்த முருகைப் பாறைகள் வெளிறிப் பெருமளவில் அழிந்தன. அப்பாறைகளைச் சார்ந்தே இம்மீன்கள் வாழ்கின்றன. நமது தொட்டியில் ஒரு மீன் பட்டினியால் இறக்க, அதன் இடத்தை நிரப்ப இன்னொன்றை நாம் வாங்குவோமாயின், அதுவும் அப்பாறையிலிருந்தே பிடிக்கப்படும். நாட்டின் நீர்வாழ் வளங்களைக் காக்க 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் உண்டு. ஆயினும் வாங்குவோரின் நிதானம் சட்டம் எட்டாத இடத்திலும் பயன்செய்யும். வைத்திருக்கும் மீனை நெடுநாள் வாழவைப்பவர் தொட்டியை மட்டுமன்றிக் கடலையும் பேணுபவராவர்.