முந்திரிப் பருப்பைப் படமெடுக்க யாரை அழைப்பது?

குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர் வட்டாரத்தில் முந்திரியை மூட்டையாகவே விற்றுப் பழகியவர்கள் சிலர் இப்போது கால் கிலோ, அரைக் கிலோ பொட்டலமாக இணையத்தில் விற்க முன்வருகிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் இதில் இறங்குகின்றன. நேரில் வரும் வியாபாரி பருப்பை அள்ளிப் பார்ப்பார், உடைத்துப் பார்ப்பார், கடித்தும் பார்ப்பார். இணையத்தில் வாங்குபவருக்குப் படம் ஒன்றுதான். ஆகவே அந்தப் படத்தை எடுக்க யாரை அழைப்பது என்பதும், கொட்டையை எங்கே கொடுத்து உடைப்பது என்பதைப் போல, உங்கள் விலையைத் தீர்மானிக்கிற முடிவுதான்.

நெய்வேலியிலும் கடலூரிலும் புகைப்படக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலோர் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எடுப்பவர்கள். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குவதும் சேலை நிறத்தைத் தூக்கிக் காட்டுவதும் அந்தத் தொழிலில் தேவை. அதே கைப்பழக்கம் பருப்பின் மேல் வந்தால் நமக்கு நட்டம்.

காரணம், முந்திரியில் நிறமே தரம். வெள்ளை முழுப் பருப்பு என்று விற்க வேண்டுமானால் அது வெள்ளை, வெளிர் தந்தம், இளஞ்சாம்பல் ஆகிய நிறங்களுக்குள் இருக்க வேண்டும். வறுக்கும்போதோ உலர்த்தும்போதோ சூடு கூடிப் பழுப்பேறிய பருப்பு தனித் தரம், விலையும் குறைவு. இப்போது மஞ்சள் குண்டு பல்பின் கீழ் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அந்த ஒளியின் நிறவெப்பநிலை சுமார் 2,700 கெல்வின். நண்பகல் வெயிலோ சுமார் 5,500. கேமராவைச் சரிசெய்யாமல் எடுத்தால் உங்கள் முதல்தரப் பருப்பு சூடேறிக் கெட்ட பருப்பு போலத் தெரியும். நீலத் தார்ப்பாயில் கொட்டி எடுத்தால் நீலம் ஏறும். இதற்கு அஞ்சி கணினியில் வெளுக்க வைத்தால், பழுப்புப் பருப்புகூட வெள்ளையாகிவிடும். வாங்கியவர் பொட்டலத்தைப் பிரித்ததும் திருப்பி அனுப்புவார்.

எனவே ஆளைத் தேர்ந்தெடுக்க அவருடைய பழைய ஆல்பத்தைப் பார்ப்பது போதாது. ஒரு சின்னச் சோதனை வையுங்கள். மூன்று கிண்ணங்களில் 240 தரம், 320 தரம், பழுப்பேறிய முழுப் பருப்பு என்று போட்டு, எது எது என்று சொல்லாமல் ஒரே சட்டகத்தில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இதற்குக் கூலி கேட்டால் கொடுங்கள், தப்பில்லை. படத்தை ஆலையில் தரம் பிரிக்கும் பெண்களிடம் காட்டுங்கள். அவர்கள் மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டால் அவரே உங்களுக்கான ஆள். சாம்பல் அட்டையை வைத்து நிறத்தைச் சரிபார்க்கிறாரா என்றும் கவனியுங்கள். பொருட்களைப் படமெடுத்துப் பழகியவர் நீங்கள் கேட்காமலே வைப்பார்.

அளவிலும் இதே கவனம் வேண்டும். 180, 240, 320 என்ற தர எண்கள், ஒரு பவுண்டு, அதாவது 454 கிராமில் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதைச் சொல்பவை. கால் கிலோ எடுத்தால் 180 தரத்தில் சுமார் 100 பருப்பு, 320 தரத்தில் சுமார் 175. மிக அருகில் போய் எடுத்தால் சின்னப் பருப்பும் யானைத் தந்தம் மாதிரி தெரியும். பக்கத்தில் ஒரு கரண்டியோ உள்ளங்கையோ இருக்கும் படம் ஒன்றாவது வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அமேசான் போன்ற தளங்கள் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்கின்றன. பொருள் சட்டகத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் குறைந்தது 1,000 பிக்சல் வேண்டும். படத்தின் மேல் எழுத்தோ முத்திரையோ கூடாது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் பருப்பு என்பது லேசான வேலை இல்லை. பின்னணியைத் தானாக வெட்டும் செயலி பருப்பின் வளைவையும் சேர்த்துத் தின்றுவிடும். இரு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்தி விளிம்பைக் காட்டத் தெரிந்தவர் வேண்டும். பளபளக்கும் பொட்டலமும் அப்படித்தான். விளக்கு அதில் பட்டுத் தெறித்து, எடை, விலை, முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் மறைந்துபோகும். பின்பக்க லேபிளையும் படிக்கிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, விளம்பரத்தில் காட்டியதும் அனுப்பிய பொருளும் ஒத்திருக்க வேண்டும்; ஒத்திராவிட்டால் திரும்பப் பெற மறுக்க முடியாது. படம் அழகாக அமைந்துவிட்டது என்பது அங்கே பதிலாகாது.

அடுத்தது பலரும் கேட்க மறக்கிற விஷயம். படம் யாருக்குச் சொந்தம்? 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே என்கிறது. ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் அதுவே செல்லும். அதனால் கையெழுத்துப் போடும் தாளில் "உரிமை புகைப்பட நிலையத்துக்கே" என்றோ "ஓராண்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்றோ வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது கூலியைக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் பருப்புப் படத்தை அடுத்த கடைக்காரருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

கூலியைப் படக் கணக்கில் பேசுவார்கள், நாள் கணக்கிலும் பேசுவார்கள். எத்தனை படம், எத்தனை முறை திருத்தம், பின்னணி நீக்குவது அதில் அடங்குமா என்பதைப் பேசி முடித்த பிறகு முன்பணம் கொடுங்கள். நாலைந்து உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு நாளை எடுத்துக்கொண்டால் செலவு தாங்கும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வாங்காதீர்கள். அது அளவைச் சுருக்கிவிடும். பென்டிரைவில் வாங்குங்கள். 10 செ.மீ. அகலப் பொட்டலத்தில் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 1,200 பிக்சல் அகலம் தேவை.

படமெடுக்கப் பிரித்த பருப்பை மறுபடி விற்பனைச் சரக்கில் கலக்க வேண்டாம். கை பட்டிருக்கும், கடலோரக் காற்றின் ஈரமும் ஏறியிருக்கும். பருப்பின் ஈரப்பதம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இணையத்தில் கிடைக்கிற தோப்புப் படத்தை எடுத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. அது வியட்நாம் தோப்பாகக்கூட இருக்கலாம். இதைவிடச் சிக்கலானது ஒன்று: ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கொட்டையை இங்கே உடைத்து, உறையில் நம் செம்மண் தோப்பின் படத்தைப் போடுவது. 2025-ல் பண்ருட்டி முந்திரிக்கும் பண்ருட்டிப் பலாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த முத்திரையைப் பொட்டலத்திலோ படத்திலோ போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாதவருக்கு அதை வரைந்து தருகிறேன் என்று சொல்லும் வடிவமைப்பாளரை அத்தோடு விட்டுவிடுங்கள். இறக்குமதிக் கொட்டை உடைப்பவர்கள் பருப்பை மட்டும் காட்டினால் போதும், தோப்பு வேண்டாம்.

சொந்தத் தோப்பு உள்ளவர்கள் இரண்டு தவணையாக வேலை வாங்கலாம். மரத்தில் பழமும் கொட்டையுமாகத் தொங்கும் படம் பங்குனி, சித்திரையில்தான் கிடைக்கும். விழுந்த பழம் ஒரே நாளில் கெட்டுவிடும். விடியற்காலையிலேயே ஆள் தோப்பில் இருக்க வேண்டும். அப்போது முகூர்த்த நாட்களும் வருவதால் தேதியை மாசியிலேயே பேசி வையுங்கள். பருப்பும் பொட்டலமும் அறைக்குள் எடுப்பவை, அவசரமில்லை. ஆடியில் கல்யாணம் இல்லாமல் புகைப்படக்காரர்கள் ஓய்வாக இருப்பார்கள். கூலியும் பேசிக் குறைக்கலாம், கிண்ணச் சோதனையையும் நிதானமாகச் செய்து பார்க்கலாம்.