போகும் வழியில் ஒரு கோயில்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்றொரு சிற்றூர். அங்கே வாழ்ந்தவர் டொனால்டு டிரிப்லெட். மனநல மருத்துவர் லியோ கன்னர் 1943-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வரும் 11 குழந்தைகளில் முதலாமவர் அவர்தான். அந்தக் கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் பற்றிய இன்றைய பேச்சு தொடங்குகிறது. ‘அட்லாண்டிக்’ இதழின் செய்தியாளர்கள் இருவர் அவரைத் தேடிப்பிடித்து 2010-ல் எழுதியபோது, டொனால்டு 36 வெளிநாடுகளையும் 28 அமெரிக்க மாநிலங்களையும் பார்த்து முடித்திருந்தார். எகிப்துக்கு மூன்று முறை, இஸ்தான்புல்லுக்கு ஐந்து முறை, ஹவாய்க்கு 17 முறை போயிருந்தார். 2023-ல் அவர் காலமானபோது வயது 89.

அவர் பயணம் செய்த விதம் இன்னும் சுவாரசியமானது. தனியாகத்தான் போவார். பெரும்பாலும் பயணம் ஆறு நாளைத் தாண்டாது. உள்நாட்டுப் பயணம் என்றால் விமான நிறுவனத்துக்குத் தாமே ஃபோன் செய்வார். வெளிநாடு என்றால் மட்டும் ஒரு டிராவல் ஏஜென்சியை நாடுவார். ஏற்கெனவே படத்தில் பார்த்த இடங்களை நேரில் பார்த்து, தம் கேமராவில் எடுத்து, ஆல்பத்தில் சேர்ப்பது அவருக்குப் பிடித்த வேலை. முதலில் படம், அப்புறம்தான் இடம். ஊர் சுற்றுவது ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒத்துவராது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கன்னரின் கட்டுரையிலும் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தவிப்பு இந்தக் குழந்தைகளை ஆள்கிறது என்று எழுதியவர், அந்த ஒழுங்கை எப்போதாவது குழந்தை தானே கலைத்துக்கொள்ளும், மற்றவர்கள் கலைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே குறித்தார். முதல் பாதி எல்லோர் மனத்திலும் தங்கிவிட்டது. வெளியே கிளம்பும் குடும்பங்களுக்கு வேண்டிய சேதி இரண்டாம் பாதியில் இருக்கிறது. மாற்றத்தை யார் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

நம் ஊர்க் குடும்பப் பயணம் ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். சென்னையிலிருந்து மகாபலிபுரம் போவதாகப் பேச்சு. பின் இருக்கையில் ஆட்டிசம் உள்ள 12 வயதுப் பையன். அவனுக்குச் சொல்லப்பட்டது: கார், கலங்கரை விளக்கம், கடல், வீடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனதும், “திருவிடந்தை கோயில் வழியிலதானே இருக்கு, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம். பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம்ல” என்கிறார் அத்தை. கார் திரும்புகிறது. திரும்பி வரும்போது கோவளத்தில் சித்தப்பா வீடு, “தலையைக் காட்டலேன்னா கோவிச்சுப்பாரு.” கோயில் வாசலிலேயே பையன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறான். “சரியான அடம்” என்கிறார்கள்.

திடீரென்று தோன்றியதாகச் சொல்லப்படும் இந்த முடிவுகள் பெரும்பாலும் திடீர் முடிவுகளே அல்ல. அத்தை காலையிலேயே அர்ச்சனைக் கூடையை டிக்கியில் வைத்திருப்பார். அப்பா முந்தின இரவே சித்தப்பாவிடம் ஃபோனில் சொல்லியிருப்பார். திட்டம் இருந்தது, பையனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. முன்கூட்டியே சொன்னால் அழுவான் என்ற பயத்தில்தான் பல பெற்றோர் மறைக்கிறார்கள். அந்தப் பயம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் இரண்டு முறை இப்படி நடந்துவிட்டால், மூன்றாம் முறை ‘மகாபலிபுரம்’ என்று சொன்னாலும் பையன் நம்ப மாட்டான். காரில் ஏறவே மறுப்பான்.

ஏன் ஒரு சின்னத் திருப்பம் இவ்வளவு பெரிதாகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹாவும் அவரது குழுவினரும் 2014-ல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அடுத்து என்ன வரும் என்று கணிப்பதில் ஏற்படும் சிரமமே ஆட்டிசத்தின் பல கூறுகளுக்கும் அடியில் இருக்கலாம் என்பது அது. இது இறுதி விளக்கம் அல்ல. வேறு கோட்பாடுகளும் உண்டு. ஆனாலும் பெற்றோர் அன்றாடம் காண்பதோடு இது பொருந்திப்போகிறது. கோயிலுக்குள் நுழையும்போது பூ வாசனை, நெய் வாசனை, வெறும் காலில் சுடும் கல், வரிசையில் இடிக்கும் உடம்புகள் எல்லாம் வரும் என்று மற்றவர்களின் மூளை முன்பே எதிர்பார்த்துத் தயாராகிவிடுகிறது. எதிர்பார்க்க முடியாதவருக்கு எல்லாமே ஒரே நேரத்தில், முழு வேகத்தில் வந்து மோதுகின்றன. வாசலில் உட்கார்ந்துவிட்ட பையன் யாரையும் பழிவாங்கவில்லை. அவனால் அதற்கு மேல் முடியவில்லை.

ஆகவே திட்டம் வேண்டும். எப்படிப்பட்ட திட்டம் என்பதைச் சிறப்பாசிரியர்களும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளும் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். போகும் இடத்தின் புகைப்படங்களையோ வீடியோவையோ முதல் நாளே காட்டுவது. அன்றைய வரிசையைப் படங்களாக ஒட்டி, முடிந்த ஒவ்வொன்றையும் எடுத்துவிடுவது. பிடித்த சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது. சத்தம் தாங்காதவர் என்றால் காதுக்கு ஹெட்ஃபோன். நேரத்தைக் கடிகாரத்தில் சொல்வதைவிட நிகழ்ச்சியில் சொல்வது நல்லது. ‘பத்தே நிமிஷம்’ என்பது நம் வாயில் எவ்வளவுக்கும் நீளும். ‘இன்னும் மூணு ஸ்டேஷன்’ என்பது நீளாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளம்பும் வழி. முடியவில்லை என்றால் யார் பையனோடு வெளியே வருவது, எங்கே உட்காருவது என்று வீட்டிலேயே பேசிவைத்த குடும்பம், இடத்தில் பதறாது.

உலகில் சில இடங்கள் இந்த வேலையைக் குடும்பங்களின் தலையில் மட்டும் கட்டாமல் தாங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 2011 அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வேயில் ‘தி லயன் கிங்’ நாடகத்தை ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவே ஒரு காட்சி நடத்தினார்கள். ஒலியையும் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தையும் குறைத்தார்கள். அரங்கின் வாசல் எப்படி இருக்கும், எங்கே உட்காருவோம் என்பதைப் படங்களோடு சொல்லும் கதையை முன்பே கொடுத்தார்கள். நடுவில் எழுந்து போய் அமைதியாக இருக்க ஓர் இடமும் ஒதுக்கினார்கள். அதே ஆண்டு பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் ‘விங்ஸ் ஃபார் ஆட்டிசம்’ என்ற ஒத்திகை தொடங்கியது. குடும்பங்கள் பெட்டியோடு வந்து, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, விமானத்தில் ஏறி, பெல்ட் போட்டு உட்காருவார்கள். விமானம் கிளம்பாது. உண்மைப் பயண நாளில் எதுவும் புதிதாக இருக்காது என்பதற்காக அவ்வளவு ஏற்பாடு. பென்சில்வேனியாவின் ‘செசமி பிளேஸ்’ பூங்கா ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஒலி, ஒளி, தொடுதல், மணம், சுவை என ஐம்புலன்களுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது.

லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016-ல் அறிமுகமான சூரியகாந்திப் பட்டை இன்னும் எளிய யோசனை. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் கழுத்தில் அதை அணிந்தால், கொஞ்சம் பொறுமை தேவை என்று ஊழியர்களுக்குப் புரியும். பெங்களூரு உட்பட இந்திய விமான நிலையங்கள் சிலவற்றுக்கும் அது வந்துவிட்டது.

ஆனால் திட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நேரம், இடம், பொருள் எல்லாவற்றையும் உறுதியாகச் சொல்லிவிட்டால், குழந்தைக்கு அது வாக்குறுதி ஆகிவிடும். படத்தில் யானையைக் காட்டிவிட்டு, கோயிலில் அன்று யானை இல்லை என்றால் படமே பொய். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து கிளம்பிய குடும்பத்தின் நிலை அதைவிட மோசம். ரயில் தாமதமாகும், மழை வரும், ஹோட்டலில் பூரி தீர்ந்துபோகும். இவற்றையும் திட்டத்துக்குள்ளேயே வைக்கத்தான் சிறப்பாசிரியர்கள் பட வரிசையில் ஒரு கேள்விக்குறி அட்டையைச் சேர்க்கிறார்கள். ‘இந்த இடத்தில் என்ன வரும் என்று அம்மாவுக்கும் தெரியாது’ என்று அந்த அட்டை நேர்மையாகச் சொல்கிறது. முதலில் அதன் பின்னால் நல்லதே வர வேண்டும்: ஐஸ்கிரீம், ஊஞ்சல். பிறகு, பெரிதாகப் பாதிக்காத சின்ன மாற்றங்கள்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ராட்ஜர்ஸும் சக ஆய்வாளர்களும் இதையே முறைப்படுத்தியிருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பதற்றத்துக்கும், நிச்சயமின்மையைத் தாங்க முடியாத நிலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று கண்டவர்கள் அவர்கள். நிச்சயமின்மையை முழுதாக ஒழிக்க முயலாமல், அதைச் சிறு அளவுகளில் குழந்தைக்குப் பழக்க, பெற்றோருக்கென ஒரு குழுப் பயிற்சியை வடிவமைத்தார்கள். குழந்தைக்கு முன்னால் பெற்றோர் தெளிவடைய வேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக எடுத்துக்கொண்ட வழிகளில் மிக நம்பிக்கையூட்டுவது இதுதான். அவசரப்படாமல், குழந்தையை ஏமாற்றாமல் முன்னேறுகிறது.

இதில் பெரியவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் திடீர் ஆசைகள் வரும். மால் எஸ்கலேட்டரில் ஏறி இறங்கி, மறுபடி ஏற வேண்டும் என்பான் ஒருவன். பீச்சுக்குப் போகும் வழியில் பறக்கும் ரயில் பாலத்தடியில் நின்று, வண்டி வரும்வரை நகர மாட்டாள் ஒருத்தி. அத்தையின் கோயில் ஆசை தன்னிச்சை என்றால் இதுவும் தன்னிச்சைதான். முன்னதற்கு மொத்தக் குடும்பமும் வளைந்துகொடுக்கிறது. பின்னதற்கு, “நேரமாச்சு, வா” என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். பயணத் திட்டத்தில் ஒரு மணி நேரத்தை எதுவும் எழுதாமல் அந்தக் குழந்தையிடமே கொடுத்துவிட்டால், குழந்தை தன் ஒழுங்கைத் தானே கலைத்துக்கொள்ளும், கன்னர் கண்ட அந்த அபூர்வம் நடக்க இடம் கிடைக்கும். ஆட்டிசத்தோடு ஏ.டி.ஹெச்.டி.யும் (கவனக் குறைவு, மிகைச் செயல்பாடு) சேர்ந்து உள்ளவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் முக்கியம். ஒரு பக்கம் மாறாத ஒழுங்கு வேண்டும், இன்னொரு பக்கம் புதிதாக ஏதாவது வேண்டும் என்று அவர்களுக்குள்ளேயே இழுபறி நடக்கும்.

உடன்பிறந்தவர்களையும் மறக்க முடியாது. எப்போதும் தம்பியின் அட்டவணைப்படியே நடந்து சலித்த அக்காவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மட்டும் எந்த யோசனையும் இல்லாமல் பைக்கில் அழைத்துப் போகலாம். குடும்பப் பயணம் என்றால் எல்லோரும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சட்டம் என்று இருப்பது வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அந்த உரிமை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 நவம்பரில் மெரினா மணலில் மரப்பாதை போட்டபோது, சக்கர நாற்காலியில் வருபவர்கள் கடலை நெருங்கிப் பார்த்து மகிழ்ந்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அதற்கு இணையான ஏற்பாடு என்பது தகவல். அதற்குச் செலவும் குறைவு. பூங்காவோ அருங்காட்சியகமோ கோயிலோ, தன் இணையதளத்தில் வாசல் முதல் கழிப்பறை வரை நான்கு படங்களைப் போடலாம். எந்த நாளில், எந்த மணியில் கூட்டம் குறைவு என்று சொல்லலாம். ஒதுங்கி உட்கார எங்கே நிழல் இருக்கிறது என்று காட்டலாம். தீபாராதனைக்கு மின்சார மேளம் எத்தனை மணிக்கு அலறும் என்று வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தால், அதற்கு அரை மணி நேரம் முன்பே சாமி கும்பிட்டுவிட்டுப் பிரசாதத்தோடு கிளம்பிவிடும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனின் குடும்பம்.