சட்டியில் ஒரு செவ்வரத்தை

அம்பாளுக்கு உகந்த மலர்களுள் செவ்வரத்தைக்குத் தனியிடம் உண்டு. நாகபூஷணி அம்மன் கோயில் கொண்டுள்ள நயினாதீவிலே, தம் முற்றத்தில் மலர்ந்த பூவொன்றைக் காலையிற் பறித்துச் சாத்த விரும்புதல் இயல்பே. ஆயினும், கடல் சூழ்ந்த தீவில் இச்செடியை வளர்க்கப் புகும் புதியவர், சில மாதங்களில் இலை மஞ்சளாவதைக் கண்டு மனந்தளர்வதுண்டு. நீர் போதவில்லை என எண்ணி, மேலும் மேலும் கிணற்று நீரை ஊற்றுவர். செடியோ முன்னிலும் விரைவாக வாடும். இதற்குக் காரணம் யாது?

தீவின் நிலத்தடியைச் சிறிது நோக்குவோம். சுண்ணக்கல்லினூடே இறங்கும் மழைநீர், கடல்நீரினும் அடர்த்தி குறைந்ததாதலால், அதன்மேல் ஒரு படலம்போல் மிதந்து நிற்கின்றது. கிணற்றில் நாம் அள்ளும் நன்னீர் இதுவே. கோடையில் மிகுதியாக அள்ளினால், கீழுள்ள உவர்நீர் மேலெழும். அதனைச் சட்டியில் ஊற்றினால் நீர் ஆவியாகும். உப்பு மண்ணிலே தங்கும். அவ்வாறு சேர்ந்த உப்பு, வேர் நீரை உறிஞ்சவொட்டாது தடுக்கும். மண் ஈரமாயிருக்கவும் செடி தாகத்தால் வாடும் விந்தை இதுவே.

ஆகவே, நீர் ஊற்றுமுன் இலையை நோக்குக. இலையின் ஓரமும் நுனியும் கருகினால் உப்பு மிகுந்ததென்று அறியலாம். அடியிலைகள் மஞ்சளாகி உதிர, மண்ணும் சேறாயிருந்தால் நீர் மிகை. தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மாத்திரம் பச்சையாக நின்றால், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை என்பது பொருள். மக்கிய எருவும் மழைநீரும் அக்குறையைத் தணிக்கும்.

செடியை உண்டாக்குதல் எளிது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், பென்சிற் பருமனுள்ள 6 அங்குலத் தடியை வெட்டி, அடியிலைகளை நீக்கி, நிழலில் நட்டால் 4 முதல் 6 வாரங்களில் வேர்விடும். பின்னர், அடியில் துளையுள்ள 12 அங்குலச் சட்டிக்கு மாற்றலாம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு போதும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் துகளும் கலந்திருக்குமாதலால் அது வேண்டா.

சிறிது சிறிதாக நீர் தெளித்தல் தவறு. மேல்மண் உலர்ந்தபின், அடித்துளையால் வடியும்வரை ஊற்றுக. வடியும் நீரோடு உப்பும் வெளியேறும். ஆனால், தீவில் நன்னீர் அருமையானது. பூவுக்காகக் குடிநீரிற் கைவைத்தல் முறையன்று. கூரைப் பீலியில் வடியும் மாரிநீரை, நுளம்பு புகாதபடி மூடிய பீப்பாயிற் சேமித்து, கோடையில் மாதமொருமுறை சட்டி மண்ணைக் கழுவப் பயன்படுத்தலாம். இடைநாட்களில், உப்பும் சவர்க்காரமும் கலவாத அரிசி கழுவிய நீர் உதவும். மேல்மண்ணைச் சருகினால் மூடினால் ஈரம் நிற்கும். ஒன்றிரண்டு சட்டிகளோடு அமைவதே அறிவுடைமை.

சோளகக் காற்று உப்புத் துவலையை அள்ளிவரும். அக்காலத்தில் சட்டியை இடம் பெயர்க்கலாம் என்பது சட்டிச் செடியின் பெருஞ்சிறப்பு. மதிலின் அல்லது பூவரச வேலியின் காற்று மறைவில், 6 மணி நேரமாவது வெயில் படுமிடத்தில் வைத்தல் நன்று. பூவரசும் செவ்வரத்தையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை மாணவர் அறிதல் வேண்டும். வெண்டியும் பருத்தியும் அக்குடும்பமே. இவற்றின் பூக்களை ஒப்பிட்டுப் பார்த்தால், கேசரங்கள் ஒன்றுகூடிக் குழாயாக அமைந்திருப்பதைக் காணலாம். உப்பையும் காற்றையும் தாங்கவல்ல பூவரசு, தன் மெல்லிய உறவைக் காத்து நிற்கின்றது.

புதுத்தளிர்களிலேயே பூ வருமாதலால், மாரி முடிந்ததும் கொப்புகளில் மூன்றிலொரு பங்கை வெட்டிவிடுக. தளிரில் வெண்பஞ்சுபோல் பூச்சி கண்டால், உடனே ஈரத்துணியால் துடைத்தகற்றுக.

மலாயா நாடு 1960 ஆம் ஆண்டில் இம்மலரைத் தேசிய மலராக ஏற்றது. இன்றைய மலேசியாவுக்கும் அதுவே தேசிய மலர். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் அந்நாட்டில் அது வேலியோரத்திலும் செழிக்கும். இங்கோ, சேமித்த மழைநீரே அதன் உயிர். அடுத்த மாரிக்கு முன் பீலியையும் பீப்பாயையும் செம்மை செய்துவிட்டு, அதன்பின் தடியை நடுக.