வன்சொல்லும் போட்டி மரபும்: ஸ்மிஃப்-என்-வெசனின் ‘டா ஷைனின்’ இசைத்தொகுப்பை முன்வைத்து

அமெரிக்க ராப் இசையில் ‘ஹார்ட்கோர்’ என வகைப்படுத்தப்படும் பாடல்கள் துப்பாக்கி, பகை, கொலை ஆகியவற்றைத் தன்மைக் கூற்றாகப் பேசுகின்றன. இவற்றைப் பாடகரின் வாக்குமூலமாகக் கொள்வதா, மரபு வழிப்பட்ட புனைவாகக் கொள்வதா என்னும் வினா திறனாய்வுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகள் குற்றத்திற்குச் சான்றாக முன்வைக்கப்படுகின்றன. படைப்புகளை அவ்வாறு சான்றாக்குவதற்குக் கலிபோர்னியா மாநிலம் 2022இல் சட்டத்தின் வழிக் கட்டுப்பாடு விதித்தது. நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த டெக், ஸ்டீல் ஆகிய இருவர் ஸ்மிஃப்-என்-வெசன் என்னும் பெயரில் 1995 ஜனவரியில் வெளியிட்ட முதல் தொகுப்பான ‘டா ஷைனின்’ இவ்வினாவை அணுகுவதற்குப் பெரிதும் துணைசெய்கிறது.

இத்தொகுப்பிலுள்ள ‘சவுண்ட் ப்வாய் பெரியல்’ என்னும் தலைப்பைச் சொல்லளவில் கொண்டால், ஓர் இளைஞனைப் புதைத்தல் என்றே பொருள்படும். ஜமைக்க வழக்கில் பொருள் வேறு. 1950களில் கிங்ஸ்டன் நகரில் பெரிய ஒலிபெருக்கிகளையும் இசைத்தட்டுகளையும் கொண்டு நடன நிகழ்ச்சி நடத்திய குழுக்கள் ‘சவுண்ட் சிஸ்டம்’ எனப்பட்டன. இரு குழுக்கள் எதிரெதிர் நின்று மாறி மாறி இசைக்க, கூட்டத்தின் ஆரவாரம் வெற்றியை முடிவுசெய்யும். இப்போட்டியே ‘சவுண்ட் க்ளாஷ்’. எதிர்க்குழுவினன் ‘சவுண்ட் ப்வாய்’. அவனைக் கொல்லுதலாவது, அவனால் ஈடுகொடுக்க இயலாத இசைத்தட்டை ஒலிக்கச் செய்தல். புதைத்தலாவது, அவனை மீண்டும் தலையெடுக்க விடாமை. தம் குழுவின் பெயரைப் புகழ்ந்தும் எதிரியை இகழ்ந்தும் தனியே பாடிப் பதியச் செய்யும் ‘டப்பிளேட்’ தட்டுகளே இப்போரின் படைக்கலங்கள்.

1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திற்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து பெருந்திரளானோர் நியூயார்க்கில் குடியேறினர். புரூக்ளினின் ஃபிளாட்புஷ், கிரௌன் ஹைட்ஸ் பகுதிகள் அவர்களது வாழிடங்களாயின. அவர்களது பேச்சும் தெருவின் பொதுவழக்காயிற்று. பாடலின் தலைப்பு அப்பேச்சை எழுத்திலும் காத்திருப்பது கருதத்தக்கது. ஆங்கிலத்தின் ‘பாய்’ ஜமைக்கப் பேச்சில் ‘ப்வாய்’ என ஒலிக்கும். அவ்வகர ஒலி நீங்கின், அச்சொல் ‘வாங்கு’ எனப் பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். ஆகவே இதனைப் பிழையான எழுத்துக்கூட்டல் எனல் பொருந்தாது. தொகுப்பிற்கு இசையமைத்த ‘டா பீட்மைனர்ஸ்’ சகோதரர்களான மிஸ்டர் வால்ட், ஈவில் டீ ஆகியோர் பழைய தட்டுகளிலிருந்து எடுத்த துணுக்குகளின் மேல்சுருதியை மழுக்கி, அடிநாதத்தை முன்னிறுத்தினர். கிங்ஸ்டன் தெருக்களில் மார்பில் மோதிய ஒலியின் தொலைவான எதிரொலியாக இதனைக் கேட்க இடமுண்டு.

எனினும் தொகுப்பிலுள்ள வன்சொல் முழுவதையும் போட்டி மரபுக்குள் அடக்கிவிடுதல் மிகையாகும். 1990இல் மட்டும் நியூயார்க் நகரில் 2,200க்கும் மேற்பட்ட கொலைகள் பதிவாயின. 1994இல் தனிப்பாடலாக வெளிவந்த ‘பக்டவுன்’ புரூக்ளினுக்கு இடப்பட்ட தெருப்பெயரையே தலைப்பாகக் கொண்டது. அதில் சுட்டப்பெறும் அச்சம் மேடைக்கெனப் புனைந்ததாகத் தோன்றவில்லை. மரபு ஒரு சொற்களஞ்சியத்தைத் தந்தது. அதற்கு எடையைத் தந்தது தெரு. இவ்விரண்டையும் வரிக்கு வரி பிரித்தறிவது கேட்போருக்கே எளிதன்று. நீதிமன்றத்திற்கு அது மேலும் அரிது.

குழுவின் பெயரும் இச்சிக்கலுக்குத் தப்பவில்லை. ஸ்மித் அண்டு வெசன் என்னும் துப்பாக்கி நிறுவனத்தின் பெயரைத் திரித்து வழங்கிய சொல்விளையாட்டு அது. அந்நிறுவனத்தின் சட்ட எதிர்ப்பால் இருவரும் பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 1998இல் வெளிவந்த இரண்டாம் தொகுப்பு ‘கோக்கோ பிரோவாஸ்’ என்னும் பெயரைத் தாங்கியது. 2005இல் பழைய பெயரோடு அவர்கள் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பு ‘ரீலோடட்’, அதாவது ‘மீண்டும் குண்டு நிரப்பப்பட்டது’.