பூனையின் புண்ணும் வீட்டு மருந்தும்

மதில்மேற் பூனை என்பது நமக்கு நன்கு பழகிய உவமை. அப்பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று எண்ணிப் பார்க்கும் நாம், அது குதிக்கின்ற மதிலின் மேல் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து வைத்திருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். சில்லு கிழித்த காயம், முள்வேலி கீறிய காயம், அயல்வீட்டுக் கடுவனோடு இரவில் நிகழ்ந்த சண்டையிற் பட்ட காயம் என்று ஏதேனும் ஒன்றோடு நம் வீட்டுப் பூனை விடியற்காலையில் வந்து நிற்கிறது. வீட்டில் உடனே ஒரு பரபரப்பு உண்டாகிறது. ஒருவர் மஞ்சளைக் கொண்டு வருகிறார். மற்றொருவர் இரத்தம் நிற்பதற்குக் காப்பித்தூளை அப்பலாம் என்கிறார். பள்ளியில் முதலுதவி கற்ற பிள்ளை டெட்டால் புட்டியை எடுத்து வருகிறான். மூவருடைய எண்ணமும் நல்லதே. ஆனால் அந்தப் புண்ணைக் காட்டிலும் அந்த மருந்துகளே பூனைக்குப் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடும். அது எவ்வாறு என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

பூனை உட்கார்ந்திருக்கும்பொழுது அதனைச் சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். தூங்காத நேரத்தில் ஒரு பகுதியை அது தன்னைத்தானே நக்கிக்கொள்வதிற் செலவிடுகிறது. அதன் நாக்கு நம் நாக்கைப் போல மெத்தென்றிருப்பதன்று. உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் அதில் நிறைந்திருக்கின்றன. அரத்தைப் போன்ற அந்த நாக்கு, ரோமத்தில் ஒட்டிய எதனையும் சுரண்டி எடுத்து வயிற்றுக்குள் அனுப்பிவிடும். முன்னங்காலில் நாம் ஒரு களிம்பைத் தடவினால், கால் நாழிகைக்குள் அக்களிம்பு பூனையின் இரைப்பையை அடைந்திருக்கும். ஆகவே, பூனைக்கு மேற்பூச்சு மருந்து என்று தனியாக ஒன்று இல்லை. பூசுவன எல்லாம் உண்பனவே. நம் கையில் தடவிக்கொள்ளத் தக்கது என்பதனால் ஒரு பொருள் பூனை விழுங்கத் தக்கதாகிவிடாது.

விழுங்கினாற்கூட நம் உடல் பல நஞ்சுகளைத் தாங்குகிறதே, பூனையின் உடல் தாங்காதா என்று நீங்கள் கேட்கலாம். இவ்விடத்தில் இயற்கை பூனைக்கு ஒரு குறை வைத்திருக்கிறது. நம் கல்லீரல், உடலுக்கு வேண்டாத பல பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலம் என்னும் ஒன்றோடு பிணைத்து, நீரிற் கரையும்படி செய்து, சிறுநீர் வழியாகவும் பித்தநீர் வழியாகவும் வெளியேற்றுகிறது. இப்பிணைப்பைச் செய்வதற்கு நொதிகள் வேண்டும். பூனையின் உடலில் இவ்வகை நொதிகளுள் ஒன்றை ஆக்க வேண்டிய மரபணு சிதைந்து செயலற்றுக் கிடக்கிறது என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூனையின் முன்னோர் ஊனையே உண்டு வாழ்ந்தவை; தாவரங்களில் உள்ள நச்சுப் பொருள்களை முறிக்க வேண்டிய தேவை அவற்றுக்கு மிகுதியாக இருந்ததில்லை; பயன்படாத கருவி துருப்பிடித்துப் போயிற்று என்று அறிஞர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும் விளைவு கொடியது. கார்பாலிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்த பொருள்கள், அதாவது பீனால் வகைகள், பூனையின் உடலை விட்டு எளிதில் நீங்குவதில்லை. தரை கழுவும் பினாயிலும், நீரிற் கலந்தவுடன் பால்போல் வெளுக்கும் டெட்டால் முதலிய கிருமிநாசினிகளும் இத்தகையன. அவை சுத்தத்தின் அடையாளமாக நம் வீடுகளில் இருக்கின்றன. பூனையின் புண்ணருகே அவற்றுக்கு இடமில்லை.

இதே குறையினால்தான் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு எமனாகிறது. நமக்குத் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவர் கொடுக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதனை உட்கொண்ட பூனையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது, ஈறுகள் கபில நிறமாகவோ நீலம் பாய்ந்தோ மாறுகின்றன, முகமும் பாதங்களும் வீங்குகின்றன, மூச்சுத் திணறுகிறது. வலியில் முனகும் பிராணியிடம் இரக்கங்கொண்டு பாதி மாத்திரையைப் பாலிற் கரைத்துக் கொடுப்பவர், தம் கையாலேயே அதற்கு இம்முடிவைத் தேடித் தருகிறார். தெரியாமற் கொடுத்துவிட்டால், அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். முறிமருந்து உண்டு, ஆனால் அது சில மணி நேரத்துக்குள் சேர வேண்டும். ஆஸ்பிரினும் நாட்கணக்கில் பூனையின் உடலில் தங்கிக் கேடு செய்யும். மனிதருக்குரிய வலி மாத்திரை எதனையும் நாமாகக் கொடுத்தலாகாது.

அடுக்களை மருந்துகளைப் பற்றியும் இரண்டொரு சொல் சொல்ல வேண்டும். காப்பித்தூளில் காபீன் உண்டு. அதனை நக்கி உண்ட பூனைக்கு நெஞ்சு படபடத்து வலிப்புக்கூட வரலாம். சுண்ணாம்பு சதையை அரிக்கும். மஞ்சள் இவ்வளவு பொல்லாதது அன்று. எனினும், புண்ணின்மேற் சேறுபோல் அப்பிக்கொண்டு உள்ளே நடப்பதை மறைத்துவிடும். ஆடு மாடுகளின் புழுப்புண்ணுக்கு டர்ப்பன்டைன் எண்ணெயும் கற்பூரமும் இடுவது நம் கிராமங்களில் உள்ள வழக்கம். மாட்டுக்குச் செய்வதைப் பூனைக்குச் செய்யலாகாது. இரண்டும் அதற்கு நஞ்சு. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் சதையையும் எரித்துவிடுவன. வலியை மரக்கச் செய்யும் மருந்து கலந்த களிம்புகளும் ஆகா.

இவ்வளவையும் விலக்கிவிட்டால் எஞ்சுவதுதான் என்ன? உப்பும் நீரும்! இதைக் கேட்டுச் சிலர் ஏமாற்றம் அடையக்கூடும். ஆனால் புதிய காயத்துக்கு மிகவும் தேவைப்படுவது மருந்து அன்று. மண்ணும் ரோமமும் கிருமியும் அதிலிருந்து கழுவப்படுவதே. அரை லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பை அதிற் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். இதன் உப்புச் செறிவு இரத்தத்தின் செறிவை ஏறக்குறைய ஒத்திருப்பதால் சதைக்கு எரிச்சல் உண்டாவதில்லை.

கழுவத் தொடங்குமுன் பூனையைப் பிடிக்க வேண்டுமே! நோவுற்ற பூனை தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். அது நன்றிகெட்ட தன்மை அன்று, அச்சம். அது குறுகுறுவென்று ஒலியெழுப்புகிறது, ஆகையால் வலியில்லை என்று கொள்வதும் பிழை. நோயுற்ற பூனையும் அவ்வாறு ஒலிப்பதுண்டு. பிடரியைப் பற்றித் தூக்குவது பழைய முறை. அது பூனையின் அச்சத்தைப் பெருக்குகிறது என்பதால் இந்நாளில் மருத்துவர்கள் அதனை விரும்புவதில்லை. கதவுகளைச் சாத்திய சிறிய அறையில், கனத்த துவாலை ஒன்றினாற் குழந்தையைச் சுற்றுவதுபோல் பூனையைச் சுற்றி, காயம்பட்ட பகுதியை மட்டும் வெளியில் விட்டு, ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, மற்றொருவர் வேலையைச் செய்வதே உத்தமம். அது மூர்க்கமாக எதிர்த்தால் விட்டுவிடுங்கள். அப்பொழுது அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலையாகிறது.

இரத்தம் கசிந்தால் தூய துணியை மடித்து, ஐந்து நிமிடம் இடைவிடாது அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பவர், உறையத் தொடங்கிய இரத்தத்தை ஒவ்வொரு முறையும் பிய்த்தெடுக்கிறார். நான்கு கிலோ எடையுள்ள பூனையின் உடலில் உள்ள மொத்த இரத்தம் ஏறத்தாழ 240 மில்லி லிட்டர்தான். அதாவது ஒரு பெரிய தம்ளர் அளவு. ஆதலால் ஐந்து நிமிட அழுத்தத்துக்கு நில்லாத இரத்தப்பெருக்கு சிறு காயத்துக்கு உரியது அன்று. அழுத்தியபடியே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நூலாலோ ரப்பர் வளையத்தாலோ காலையும் வாலையும் இறுகக் கட்டுவது பெருந்தவறு. இரத்த ஓட்டம் நின்று அவ்வுறுப்பே அழுகிப்போகும். நகம் முறிந்து இரத்தம் வருமாயின், சோளமாவையோ மைதாவையோ நகத்தின் நுனியில் வைத்து அழுத்தலாம்.

இரத்தம் நின்றபின், ஊசியில்லாத பீச்சாங்குழலால் உப்புநீரைப் புண்ணின்மேல் மெல்லப் பாய்ச்சுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய கட்டுத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சுற்றியுள்ள ரோமத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கலாமா? பூனையின் தோல் மிக மெல்லியது. ரோமத்தோடு தோலையும் சேர்த்து நறுக்கிவிட்டுப் புதுக் காயத்தோடு வருவோர் பலர். ரோமத்தை நனைத்து ஒதுக்கிவிடுவதே போதுமானது. கிருமிநாசினி ஒன்று வேண்டுமென்றே தோன்றினால், கடைகளிற் கிடைக்கும் 10 விழுக்காடு போவிடோன் அயோடின் கரைசலில் ஒரு பங்குக்கு இருபது பங்கு நீர் சேர்த்து, வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொணர்ந்து, ஒருமுறை கழுவி, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். பிறகு காலையும் மாலையும் உப்புநீர் ஒன்றே போதும்.

பூனை தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிக்கொள்ளும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. மேலே சொன்ன அரம் போன்ற நாக்கை நினைவிற் கொள்ளுங்கள். ஆறிவரும் மெல்லிய தோலை அது மீண்டும் மீண்டும் சுரண்டிவிடும். இதனைத் தடுக்கப் புனல் வடிவான கழுத்துப்பட்டை ஒன்றை மருத்துவர்கள் அணிவிப்பர். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தவர் அணிந்த விறைத்த கழுத்தணியை ஒத்திருப்பதால் அதற்கு அவ்வரசியின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். வளையும் அட்டையால் வீட்டிலும் இதனைச் செய்யலாம். கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடம் இருக்கட்டும். விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்கட்டும். முதல் நாள் அரசியார் சுவரில் முட்டிக்கொள்வார்; மறுநாள் பழகிவிடும்.

இனி, மிக முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். காயங்களுள் அஞ்சத்தக்கது அகலமாய்க் கிழிந்து தெரியும் காயம் அன்று; கண்ணுக்குத் தெரியாத சிறு துளையே அஞ்சத்தக்கது. பூனையின் கோரைப்பல் நீண்டது, கூரியது. அது ஊசிபோல் ஆழப் பாய்ந்து, வாயில் உள்ள கிருமிகளைச் சதைக்குள் விட்டுவிட்டு வெளியேறுகிறது. மேலே உள்ள தோலோ ஓரிரு நாளுக்குள் மூடிக்கொள்கிறது. வீட்டார் புண் ஆறிற்று என்று மகிழ்ந்திருக்க, உள்ளே சீழ் திரள்கிறது. இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் அவ்விடம் வீங்கிச் சூடேறுகிறது. பூனை உணவை வெறுத்துக் கட்டிலின் அடியிற் போய் ஒளிகிறது. இத்தகைய சீழ்க்கட்டிகள் முகத்திலும் முன்னங்கால்களிலும் வாலின் அடியிலுமே மிகுதியாகத் தோன்றும். பழந்தமிழர் மார்பிலும் முகத்திலும் பட்ட புண்ணை விழுப்புண் என்றும், முதுகிற் பட்டதைப் புறப்புண் என்றும் வகுத்தனர். எதிர்த்து நின்ற பூனைக்கு முகத்திலும், ஓடிய பூனைக்கு வாலடியிலும் கடிபடுவதால், அவ்விலக்கணம் இங்கும் பொருந்துகிறது! ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. கட்டியை நாமே பிதுக்கலாகாது. கால்நடை மருத்துவர் கீறிச் சீழை வடித்து, தக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பூனையின் எடையறிந்து கொடுப்பார். ஆகவே, சண்டையிட்டு வந்த பூனையின் உடலை விரல்களால் ரோமத்தை விலக்கித் தடவிப் பாருங்கள். கடித்த துளை தெரிந்தால், அது எவ்வளவு சிறிதாயினும், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணருகே பட்ட காயம், வாய் பிளந்து நிற்கும் காயம், மார்பையோ வயிற்றையோ துளைத்த காயம், புழு வைத்த புண், நொண்டல், ஒரு நாள் முழுதும் உண்ணாமை ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

பூனையைப் பார்த்த நாம் நம் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதன்று. பூனையும் அந்நோய்க்கு உட்பட்டு அதனைப் பிறருக்குப் பரப்பவல்லது. உங்கள் பூனையைக் கடித்தது எந்தப் பிராணி என்று தெரியாதபொழுது, அதன் எச்சில் புண்ணில் இருக்கக்கூடும். கையுறை அணியாமல் தொடாதீர்கள். பிடிக்கும்பொழுது பூனை உங்களைக் கடித்தாலோ நகத்தாற் கீறினாலோ, அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு முழுமையாக 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைக் காட்டிலும் நெடியது. பின்னர் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். பெற்றோர் திட்டுவார்கள் என்று கீறலை மறைத்துவைக்கும் பிள்ளைகள் உண்டு. வெறிநோய் தோன்றியபின் அதற்கு மருந்தில்லை. திட்டுக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைக்கலாகாது. பூனைக்குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஓராண்டு கழித்து மறுமுறையும், அதன்பின் மருத்துவர் சொல்லும் காலத்திலும் போட்டுவந்தால் இவ்வச்சத்திற் பெரும்பகுதி நீங்கும். கடுவனுக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டால் இரவுச் சண்டைகளும் வெகுவாகக் குறையும். மாவட்டத் தலைநகர்களில் அரசாங்கக் கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னையில் இருப்போர் வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் செல்லலாம்.

சிறு கீறல் நல்ல முறையில் ஆறிவருமாயின், நாளுக்கு நாள் சிவப்புக் குறையும், நீர்க்கசிவு நிற்கும், ஒரு வாரம் பத்து நாளில் பொருக்கு உலர்ந்து தானே உதிரும். அதனை நகத்தால் உரிக்க வேண்டாம். பொருக்கு உதிர்ந்த இடத்தில் இளஞ்சிவப்பான தோல் தெரிந்ததும் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடலாம். கழற்றியவுடன் பூனை முதல் வேலையாகத் தன் உடல் முழுவதையும் நக்கத் தொடங்கும். இப்பொழுது நக்கட்டும், தடுக்க வேண்டியதில்லை.